பெயர் எழுதத் தேவையில்லாத பெட்டி

பெயரும் முகவரியும் மேலே பதிவானபடி. வயது ஐம்பத்தொன்பது. பல்கலைக்கழக அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்தர். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது. பொய்ப் புகார்க் கடிதம் பற்றிப் பதிவாளர் கொடுத்த வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டு வந்தேன்.

வாய்மொழித் தேர்வில் வருகைப் பதிவு எடுப்பதும் மதிப்பெண்களைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. துறைத்தலைவரின் முதல் கேள்வி எப்போதும், "அப்பா என்ன வேலை?" பதிலைக் கேட்டதுமே மதிப்பெண் எனக்குத் தெரிந்துவிடும். திக்கித் திணறிய மருத்துவர் மகனுக்கு இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று, கடகடவென்று பதில் சொன்ன குழாய் ரிப்பேர்க்காரர் மகளுக்குப் பதினொன்று.

அதன் பிறகு, பாகுபாடு பற்றிப் புகார் போட நூலக வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். பெயர் எழுதத் தேவையில்லை என்று ஒட்டியிருந்தது. சாவி துறைத்தலைவரிடம். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். இதை இப்படியே எழுதிக்கொள்ளும்படி காவலரைக் கேட்டுக்கொண்டேன். பெட்டியில் ஒரே ஒரு கடிதம் விழுந்தது, வாய்மொழித் தேர்வு மதிப்பெண் பற்றி.

மறுநாள் பதிவாளர், வளாகத் தூய்மை பற்றி இறுதியாண்டு மாணவர்கள் எல்லாரும் கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார். கோடு போட்ட தாளும் நீலப் பேனாவும் அவரே கொடுத்தார். குப்பைத்தொட்டி கேட்டு மூன்று முறை மனு போட்டும் அசையாதவருக்கு இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். அறுபத்துநான்கு தாள்களை அவர் மேசையில் வைத்தேன். அதன் பிறகு தேநீர் கொண்டு போனபோது, அவரும் துறைத்தலைவரும் ஒவ்வொரு தாளையும் அந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் குழாய் ரிப்பேர்க்காரர் மகளைக் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதத்தில் இருந்ததுபோல அவள் எழுத்து வலப்பக்கம் சாயும்.

"வேற யார் எழுதுவா? மார்க் கொறஞ்சது உனக்குத்தானே?" என்றார் பதிவாளர்.

"நான் எழுதல சார்."

அவளை நீக்கும் உத்தரவையும் நானே தட்டச்சு செய்தேன். "புகார் மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு அறிக்கையில போட்டுடுங்கம்மா" என்றார் பதிவாளர். அதன் பிறகு அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து, "அப்பாகிட்ட என்னக்கா சொல்றது?" என்று கேட்டாள்.

வீட்டில் என் மகள், "எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இரும்மா" என்றாள். பதினொரு நாள் அப்படியே இருந்தேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

பெட்டியில் அந்தக் கடிதத்தைப் போட்டது நான். என் எழுத்தும் வலப்பக்கம்தான் சாயும். அலுவலகத்தில் யாரும் என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்கவில்லை.

சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை, மாற்ற ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் காவலரிடம் பேனா வாங்கி நானே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)