வீடியோவில் சிரித்த பிள்ளை

இந்த முக்காலியில உக்காருங்கக்கா. நான் மொளகாக்காம்பு கிள்ளிக்கிட்டே பேசுறேன், நாலு மணிக்குச் சந்தைக்காரி வந்துருவா. கை எரியுது, கண்ணத் தொடைக்கவும் வழியில்ல.

உடோன் டவுன்லேருந்தா? மூணு பஸ் மாறி என்னயத் தேடியா? அய்யோ.

அந்த வீடியோவ நான் அழிச்சுட்டேனேக்கா. சுகாதார ஆபீசம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. கஞ்சா எண்ணெய்க்கு வெளம்பரம் கூடாது, இது அனுமதி வாங்காத மருந்து வேற, வலிப்பு போயிரும்னு எப்படிச் சொன்னேன்னாங்க. ஆறாவதோட நின்னவ நான். வெளம்பரம்னா ரோட்டோரத்துல நிக்கிற பலகைன்னு நெனச்சிருந்தேன். அவங்க திட்டல, திட்டியிருந்தாக்கூடத் தேவல. யார் யாரோ எடுத்து மறுபடி போட்டுட்டாங்கன்னு நீங்க சொல்லித்தான் தெரியுது.

பையில இருக்கிறது அதே பாட்டில்தானே? மடியில இருக்கிற பிள்ளைக்கு ஊத்திட்டீங்களா? வலிப்பு மாத்திரை? நிறுத்தியாச்சா! எப்போ? நேத்தா... அக்கா, கேளுங்க, நாலரை பஸ்ஸ விட்றாதீங்க. பிள்ளையோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊருக்குப் போகாதீங்க. நிறுத்திட்டேன்னு மறைக்காமச் சொல்லுங்க.

எண்ணெய் விக்கிற வீரட் என்கிட்டயும் அதேதான் சொன்னான். ரெண்டும் சண்டை போடுமாம், மாத்திரைய நிறுத்தணுமாம். எண்ணெய் குடுத்த நாலு நாளு என் மகன் தாவனுக்கு வலிப்பே வரல. அப்ப மாத்திரையும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, என் மரமண்டைக்கு அது ஒறைக்கல. அஞ்சாம் நாள் நிறுத்தினேன். அன்னிக்கு வந்த வலிப்பு அரைமணி நேரம் விடல. அந்தா, கொசுவலைக்குள்ள கெடக்கான், என் தங்கச்சி பக்கத்துல இருக்கா. கண்ணு தொறந்துதான் இருக்கு. என்னயத் தெரியல.

என்னது? வீடியோவுல சிரிச்சானேவா?

அது என் தங்கச்சி சுமாலியோட பிள்ளக்கா. அதுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல. வீரட் வீடியோ எடுத்தது அந்த நாலு நாளுக்குள்ள. உங்களுக்கே தெரியும், பிள்ளையக் கொஞ்சுறப்பகூட அசிங்கப் பயலேன்னுதானே கொஞ்சுவோம், நல்லபடியாச் சொன்னா பேய் காதுல விழுந்து தூக்கிட்டுப் போயிரும்னு. தேறிட்டான்னு ஊருக்கே சொல்லி இவன் மூஞ்சியக் காட்டப் பயந்துட்டேன். அந்தப் பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டேன், வீரட் இன்னும் ரெண்டு பாட்டில் சும்மா தாரேன்னான், அது பாட்டுக்குச் சிரிச்சிச்சு, உங்களமாதிரி எத்தன பேரு அதப் பாத்துட்டு...

வந்துட்டேன் சுமாலி! மறுபடியும் இழுக்குதா? ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில ஒண்ணும் வெக்காத! அக்கா, நீங்க கெளம்புங்க, இங்க நின்னு பாக்க வேணாம், உங்க பிள்ளைக்கு இன்னும் நேரமிருக்கு, ஓடுங்க!