மூன்றாம் ஓலை

வியாழன். காலை ஐந்து நாற்பது. முதலில் நாய்கள். பிறகு ட்ரக் ஒன்று கியர் மாற்றி மேட்டில் ஏறும் சத்தம். பின்னால் இன்னொன்று. பிறகு நாலு வீடு தள்ளி ஹாஜியாரின் குரல்.

“கிளாக்கர் ஐயா! ஆமி வந்திட்டு! கோயில் பக்கம் ஓடுங்க!”

ஓடுகிறோம். நான் சாரத்துடன். என் மகள் ஸ்டெல்லா செருப்பில்லாமல். எங்களுக்கு முன்னால் ஜெயசீலன். ஹாஜியாரின் வீட்டில் அறை எடுத்திருந்தவன். பின்கதவால் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டையை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இன்னும் ஒன்பது நாளில் ஸ்டெல்லாவுக்கும் அவனுக்கும் திருமணம்.

கோயிலுக்குப் படிகள் தொண்ணூற்றிரண்டு. ஐம்பதாவது படியில் எனக்கு மூச்சு வாங்கியது. கீழே பூட்ஸ். அணிநடை அல்ல. ஓடி வருகிறார்கள்.

பங்கு மனையின் அடுப்படியில், குசினியில், விளக்கு எரிகிறது. பங்குத்தந்தை ஐந்து மணிக்கே எழும்புகிறவர். கதவைத் தட்டினேன். மூன்று தடவை.

“ஃபாதர், நான்தான். கதவத் தொறங்க.”

விளக்கு அணைந்தது.

பிறகு ஒரு சத்தம். தாழ்ப்பாள். மேலே ஒன்று. கீழே ஒன்று. அந்தக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் தேவை என்று பங்குச் சபையில் பிரேரித்தவன் நான். வழிமொழிந்தவர் பெர்னாட் மாஸ்டர். ஏகமனதாக நிறைவேறியது.

ஆறு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் மடித்த தாள். டோர்ச் அடித்துப் பார்த்து வாசித்தான். ஜெயசீலனின் பெயர். தகப்பன் பெயர். சொந்த ஊர். மன்னாரில் உள்ள ஒரு சின்னக் கிராமம். கண்டியில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். பிழையில்லாமல் வாசித்தான்.

சுற்றிவளைப்புக்கு ஒரு முறை உண்டு. ஆண்களை எல்லாம் எழுப்பி, மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, அட்டை பார்ப்பார்கள். அன்று எங்கள் ஒழுங்கையின் மற்ற வீடுகளில் ஒருவரையும் எழுப்பவில்லை.

“நான்தான்” என்றான் ஜெயசீலன். பிறகு என்னிடம், “மாமா, நீங்க ஒண்டும் கதையாதேங்கோ. ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் பின்னேரம் வந்திடுவன்.”

நான் கதைத்தேன். ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்கு எழுத்தில் ஒரு சீட்டுத் தர வேண்டும். அது விதி. அந்தச் சீட்டைக் கேட்டேன். சிங்களத்தில், மரியாதையாக, விதியையும் எடுத்துச் சொல்லி.

துப்பாக்கிப் பிடி. மேல்வரிசையில் இரண்டு பல்.

என்னையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். ஸ்டெல்லா படியில் நின்றாள். ட்ரக் திரும்பும்வரை பங்கு மனையின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

எங்கள் பங்கின் ஜூபிலி மலருக்கு எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். தலைப்பு, ‘நமது பங்கின் சமூக வாழ்வு’. ஐந்து பக்கத்துக்கு மிகாமல். இனிய நினைவுகளாக இருந்தால் நல்லது என்று கீழே பேனையால் ஒரு குறிப்பு. பக்க அளவை மீற மாட்டேன். குறிப்பை மீறுகிறேன்.

நான் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மேசை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்த நாட்களில் பங்குச் சபைக்கும் நானே செயலாளர்.

சமூக வாழ்வு இருந்தது. அதை மறுக்கவில்லை. ஆறரைக்குச் சிங்களப் பூசை. எட்டுக்குத் தமிழ்ப் பூசை. திருவிழாவுக்கு ஒரே கொடி. புனிதரின் சுருபம் ஒழுங்கையைச் சுற்றி வரும்போது ஹாஜியார் தன் கடை வாசலில் எல்லோருக்கும் சர்பத் கொடுப்பார். என் மனைவி இறந்தபோது பெர்னாட் மாஸ்டர் மூன்று நாள் என் வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்ததும் அவர். பிரேதப் பெட்டிக்கு அளவு கொடுத்ததும் அவர். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். ஸ்டெல்லாவின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்றவர். அவளுடைய ஞானத்தகப்பன்.

ஜெயசீலன் படிக்கப் பேராதனைக்கு வந்தவன். படிப்பு முடிந்தும் போகவில்லை. யுத்தத்தில் ஊருக்குப் போக வழியும் இருக்கவில்லை. டியூசன் வகுப்பில் கணிதம் படிப்பித்தான். எந்த இயக்கத்திலும் இல்லை. பொலிஸ் பதிவு ஒழுங்காக இருந்தது. அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான். ஸ்டெல்லாவைப் பாடற்குழுவில் கண்டான். அவன் பாட மாட்டான். வாங்குகளைத் தூக்கி அடுக்குவான்.

எங்கள் திருச்சபையில் திருமணத்துக்கு முன் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு. மாப்பிள்ளையின் பெயர், பெற்றோர், சொந்த ஊர், இப்போது இருக்கும் விலாசம். பெண்ணுக்கும் அப்படியே. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடவர். வாசித்த பிறகு அதே தாள் கோயில் வாசலில் உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்.

அந்த வருடம் கண்டி நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு முதலாவது ஓலை. அதற்கு முதல் நாள், சனி பின்னேரம், ஜெயசீலன் வந்தான். கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

“மாமா, ஓலை வாசியாமல் செய்ய ஏதும் வழி இருக்கோ?”

“இருக்கு. ஆயர் ஆண்டவருக்கு எழுதி விலக்கு வாங்கலாம்.”

“அப்ப எழுதுவமே. இந்த நேரத்திலை ஊரையும் விலாசத்தையும் மைக்கிலை வாசிச்சால்…”

“செயலாளர் தன் மகளுக்கு மட்டும் ஓலையை மறைச்சிட்டாருன்னு நாளைக்குச் சொல்வாங்க தம்பி. மூணு ஓலைக்குப் பயப்படுற மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு எதுக்கு?”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். சிரிக்கவில்லை.

விலக்குக்கான விண்ணப்பம் என் அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது. வெற்றுப் படிவம். எழுந்து ஆறு எட்டு நடந்தால் எடுக்கலாம்.

எடுக்கவில்லை. ஓலையைத் தட்டச்சு செய்தேன். பங்கு இருமொழிப் பங்கு என்பதால் தமிழிலும் சிங்களத்திலும். நாட்டின் மொழிச் சட்டம் குறையில்லாமல் நடைமுறையான இடங்களில் எங்கள் கண்ணாடிப் பெட்டியும் ஒன்று. பெருமையாக இருந்தது.

முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்தார்கள். அந்த வியாழன், நாய்கள்.

*

பொலிஸ் நிலையம். தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வாயில் ரத்தம். ஏழரைக்கு ஜெயசீலனை வேறு அறைக்குக் கொண்டு போகிறார்கள். கதவு மூடுகிறது. பிறகு ஒரு மோட்டார் சைக்கிள். பிறகு வானொலியில் செய்தி. ஜெயசீலனின் குரல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பின்னேரம் நாலு பத்துக்கு என்னை விட்டார்கள். நான் கண்டியில் பிறந்தவன். அரச ஊழியன். புத்தகத்தில் கையொப்பம் வைக்கக் குனிந்தேன். பக்கத்தில் கோப்பு திறந்து கிடந்தது. முதல் தாள் என்னுடையது. என் தட்டச்சு. என் கையொப்பம். பங்கின் முத்திரை. நாலு மூலையிலும் ஊசித் துளை. கிழிசல் இல்லை.

லிகிதர் ஒருவன் இதைப் பார்த்தால் யோசிப்பான். கண்ணாடியை உடைத்தவன் தாளை இழுத்துக் கிழிப்பான். இது திறந்து, ஊசிகளைக் கழற்றி, நிதானமாக எடுத்தது. பெட்டிக்குச் சாவி மூன்று. ஒன்று என் இடுப்பில். ஒன்று பங்குத்தந்தையிடம் இருந்தது. நத்தார்ப் பண்டிகையோடு அது தொலைந்துபோக, அவர் ஒவ்வொரு தடவையும் என்னுடையதைத்தான் கேட்டு வாங்குவார். மூன்றாவது சபையின் உபதலைவர் பெர்னாட் மாஸ்டரிடம்.

வெள்ளி பின்னேரம் ஆறு மணி. பெர்னாட் மாஸ்டரின் வீடு.

“வாடா, உக்காரு. பல்லு என்னாச்சு?”

“பெட்டியில இருந்து ஓலைய எடுத்தியா?”

“எடுத்தேன்.”

மறைக்கவில்லை. பொய்யாவது சொல்வான் என்று நினைத்துப் போயிருந்தேன்.

“பொலிஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. பங்குல வடக்கு ஆளுங்க யாருன்னு கேட்டாங்க. என் மகன் இத்தாலிக்குப் போற பொலிஸ் ரிப்போட் அவங்க மேசையிலதான் கெடக்கு. உனக்குத் தெரியும்தானே, ஃபோம் நிரப்பினதே நீதானே.”

“அதுக்கு?”

“அதுக்கு என்னடா? ரெண்டு ஞாயிறு மைக்ல வாசிச்சது. பெட்டியில போட்டு வச்சது. ரகசியமா? ஓலைன்னா ஊருக்குச் சொல்றதுதானே?”

வாழ்நாள் முழுக்க மேலதிகாரிகளின் விளக்கக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவன் நான். இதற்கு எனக்கு ஒரு வரிதான் வந்தது.

“நீ அவளுக்கு ஞானத்தகப்பன்டா.”

“அதனாலதான் சொல்றேன். மாப்பிள்ளப் பையன் சுத்தமானவன்னா விட்டுருவாங்க. விசாரிச்சுப் பொண்ணக் குடுத்தா நமக்கும் நல்லதுதானே. தேத்தண்ணி குடிக்கிறியா?”

*

மூன்றாம் ஞாயிறு. எட்டு மணிப் பூசை. நற்கருணைக்குப் பிறகு அறிவித்தல்கள். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். வேறொரு சோடியின் ஓலையைப் பங்குத்தந்தை வாசித்தார். தாளைத் திருப்பினார். மடித்தார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

“இன்னொன்னு இருக்கு ஃபாதர். மூணாவது ஓலை.”



“அதப் பத்திப் பிறகு பேசுவோம், மகள்.”

“வாசிச்சிட்டுப் பேசுங்க. ரெண்டு வாசிச்சீங்கதானே. யாருக்காச்சும் தடை தெரிஞ்சா உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். யாராச்சும் வந்தாங்களா?”

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். இவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தவன் நான். முன்வரிசையில் பெர்னாட் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ ஹார்மோனியத்தில் கை வைத்தார்கள். முடிவுப் பாடல், ஆசீருக்கு முன்பே. அவள் ஏதோ சொன்னாள். பாட்டில் அது கேட்கவில்லை.

நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். உட்கார வைத்தேன். பூசை நடுவில் சபையிலிருந்து எழுந்து பேச விதி இல்லை.

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னை.

பிறகு கடிதங்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும், உரிய வழியில், பிரதிகளுடன். எல்லாப் பதிலும் ஒன்றுதான். அப்படி ஒருவர் கைது செய்யப்படவில்லை. சீட்டு இருந்தால் அனுப்பவும்.

பங்குத்தந்தையிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டேன். ‘செயலாளரின் பதிவுகளின்படி இவர் ஓர் ஆண்டாகப் பூசைக்கு வந்ததாக அறிகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தார். ஜெயசீலன் அவருடைய மேசையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சாப்பிட்டவன். அந்த வருட முடிவில் அவருக்கு மாற்றம் வந்தது. பிரியாவிடை மடலை நான் தட்டச்சு செய்தேன்.

சாட்சி சொல்ல வந்தவர் ஒருவர். இரண்டு தடவை பொலிஸுக்குப் போனார். “இது என்ட ஊட்டுல பதினாலு மாசம் இரிந்த புள்ள. பொழுதுக்கும் கணக்குத்தான். வேற ஒண்டும் தெரியா” என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். ஹாஜியார். அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். ஜெயசீலனின் பெட்டியை ஸ்டெல்லாவிடம் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். கணிதப் புத்தகங்கள். கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை, கடைத்தாள் பிரிக்காமல்.

பல வருடம் கழித்துக் காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. ஸ்டெல்லாவைக் கூட்டிப் போனேன். படிவத்தில் ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம். மனைவியா? இல்லை. சகோதரியா? இல்லை. “அப்ப நீங்க எழுத முடியாது மிஸ்” என்றான் மேசையில் இருந்தவன். அவன் சரியாகத்தான் சொன்னான். அந்த மேசையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

போன வருடம் பெர்னாட் மாஸ்டர் இறந்தார். மகன் இத்தாலியிலிருந்து வந்திருந்தான். பங்கின் சார்பில் இரங்கலுரை எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு வியாழக்கிழமை மட்டும் இல்லை.

இதை எழுதத் தொடங்குமுன் ஸ்டெல்லாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எங்களுக்குள் பேச்சு வருடத்தில் இரண்டு தடவை, நத்தாருக்கும் தாயின் நினைவு நாளுக்கும். இது மூன்றாவது.

“மலர்ல எழுதச் சொல்றாங்க. அந்த மூணாவது ஓலைய அதுல போடவா?”

அவள் பக்கம் தெருச் சத்தம். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது கேட்டது.

“போடுங்க. விலாசத்த மட்டும் போடாதீங்க.”

இழப்புகளின் கணக்கு.

ஜெயசீலன், கணித ஆசிரியர், இருபத்தொன்பது வயது.

அவனுடைய தாய். மன்னாரிலிருந்து நாலு தடவை பஸ்ஸில் வந்தார். ஐந்தாவது தடவைக்கு இருக்கவில்லை.

நண்பன் ஒருவன். போன வருடம் இழந்தது அல்ல. அந்த வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு.

பல் இரண்டு.

ஸ்டெல்லா. உயிரோடு கெலிஓயாவில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். திருமணம் செய்யவில்லை. அங்குள்ள கோயிலில் ஓலை வாசிக்கும்போது எழுந்து வெளியே போய் நிற்பாள் என்று சொல்கிறார்கள். என் வீட்டுக்கு வருவதில்லை.

ஓலைப் பதிவேட்டில் ஒரு வரி. முதலாம், இரண்டாம் வாசிப்புக்கு எதிரே என் கையொப்பம் இருக்கிறது. மூன்றாவது வெறுமையாக இருக்கிறது. அதை இங்கே நிரப்புகிறேன்.

ஓலை, மூன்றாம் முறை. மணமகன் ஜெயசீலன். மணமகள் ஸ்டெல்லா, இந்தப் பங்கைச் சேர்ந்தவர். தடை செய்தவர்கள், இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். நான் உட்பட.

மணமகன் இப்போது இருக்கும் இடம்: தெரியாது.