வாசலோரத்து இடம்

— பிரேக்கை மிதிச்சுப் பூட்டிடாதே, யெர்ட்! குளிர்காலம் முழுக்க இந்தக் கொட்டகையில நிக்கப் போற வண்டி, குளிர்ல அப்படியே ஒட்டிக்கும். ஏப்ரல்ல நாலு பேரு சேந்து தள்ளினாலும் சக்கரம் உருளாது.

— தெரியும், ஹில்டிங். வீட்டுலேந்து கிளம்புறப்பவே ஊவே அதைத்தான் சொன்னான். டாங்க் நிறைய பெட்ரோல் போடு, டயர்ல காத்து கூடவே அடி, பேட்டரியக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வான்னு ஒரே பாட்டு. இந்தப் பழைய பியூக் காரைப் பொத்திப் பொத்தி வச்ச மாதிரி பொண்டாட்டி என்னைய ஒரு நாள் வச்சிருப்பானா!

— ஆனாலும் நீ தனியா ஓட்டிட்டு வருவேன்னு நான் நினைக்கல, கேட்டியா. நாப்பது வருஷத்துல அந்த ஸ்டியரிங்கை உன்னைத் தொட விட்டிருக்கானா அவன்?

— இன்னைக்குச் சாவியத் தூக்கி என் கையில குடுத்தான். வாங்கவே பயமா இருந்துது.

— கதவைத் தொறந்துதான் வச்சிருக்கேன்.

— பிளாஸ்க்குல காபி இருக்கு. பட்டைத் தூள் போட்ட பன்னும் கொண்டாந்திருக்கேன். மொதல்ல வண்டிய உள்ள விட்டுருவோம். எப்பவும் போல வாசலோரத்து இடம்தானே?

— அது வந்து... சிக்ஸ்டன் மகளோட வண்டி இன்னும் வரணும். அதை வாசல்ல போட்டுட்டு, இதைப் பின்னால, சுவரோரமா விடலாமான்னு பாத்தேன்.

— என்ன பேசுற நீ? ஊவே வண்டி வாசல்லதான் நிக்கும், ஊருக்கே தெரியும். ஏப்ரல் கடைசியில, வசந்தம் வந்துருச்சுன்னு நெருப்பு மூட்டிக் கொண்டாடுற அன்னைக்கு ரெட்விக் ரோட்டுல மொத ஆளா அவன் போகணும். பனிக்காக ரோட்டுல கொட்டின உப்பையும் சரளையையும் பெருக்கறதுக்குள்ளயே கிளம்பிருவானே, நீயே எத்தனை தடவை திட்டியிருக்கே.

— அதனாலதான் சொல்றேன். வாசல்ல நிக்கிறது மொதல்ல வெளிய போயாகணும். அது நகந்தாத்தான் மத்தவன் வண்டி வரும். இது வைக்கோல் போட்டு வச்ச கொட்டகை, கேட்டியா, நெருக்கி நெருக்கித்தான் அடைச்சிருக்கேன்.

— நகத்துவான்.

— யாரு?

— ஊவே நகத்துவான்.

— யெர்ட்...

— என்னை அப்படிப் பாக்காதே. டாக்டர் சொன்னது உன் காதுக்கும் வந்துருச்சா? சரி. பனி உருகுற வரைக்கும் ஊவே தாங்க மாட்டான்னு சொன்னாரு. ரெண்டு பேரும்தான் உக்காந்து கேட்டோம். வீட்டுக்கு வந்து ஊவே கார்லேந்து எறங்கினதும், 'வசந்தம் வந்ததும் புது டயர் போடணும்'னான். 'போட்டுரலாம்'னேன். அன்னைலேந்து எங்க வீட்டுல வேற பேச்சே கெடையாது. எந்த ஏரிக்குப் போறது, யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு. சமையல்கட்டுல குழாயத் தொறந்து விட்டு அழுதுட்டு, மூஞ்சியத் தொடச்சிட்டு வந்து நானும் டயரைப் பத்திப் பேசுறேன்.

— அய்யோ.

— அவனுக்குன்னு இருக்கிறது அந்த நெனப்பு ஒண்ணுதான். வண்டி எங்க நிக்குதுன்னு கேப்பான். சுவரோரமான்னா, நான் கைவிட்டுட்டேன்னு அவனுக்குப் புரிஞ்சிரும். வேணும்னா சுவரோரமாவே விட்டுக்கோ, ஆனா நீ அவனுக்குப் போன் போட்டு வாசல்லதான் நிக்குதுன்னு சொல்லு. உன் வாயால சொன்னா நம்புவான்.

— என்னால முடியாது.

— ஒரு பொய் சொல்ல முடியாதா உன்னால? போன வருஷம் கடமான் சுட்ட கதைய ஆளுக்கு ஒரு விதமா அளந்தவன்தானே நீ!

— சுவரோரமா விடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், யெர்ட்.

— யாருக்கு?

— காபி ஆறிடும்.

— மூஞ்சியத் திருப்பாதே, ஹில்டிங். யாருக்கு?

— அவனுக்குத்தான். முந்தாநேத்து போன் பண்ணினான். நீ கடைக்குப் போயிருந்தியாம். 'யெர்ட் வந்து வாசலோரத்து இடத்தைக் கேப்பா. சரின்னு சொல்லிடு. அவ போனதும் பின்னால கொண்டு போய் விட்டுடு'ன்னான். சரின்னு சொல்லத்தான் இருந்தேன், கேட்டியா. உன்னைப் பாத்ததும் பொய் வாயில வரல.

— இல்ல. அவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

— 'வாசல்ல நின்னா, வசந்தத்துல எல்லாரும் அவங்கவங்க வண்டிக்காகக் காத்துட்டு நிப்பாங்க. அவ ஒருத்தியா வந்து அதை எடுக்கணும். அத்தனை பேரு முன்னால அவளை அழ வைக்காதேடா'ன்னான். 'சுவரோரமாக் கெடந்தா யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க, மனசு ஆறினப்ப வந்து எடுத்துக்கட்டும்'னான்.

— அப்போ டயரு? ஏரி? அதெல்லாம்?

— 'அவ நம்பிட்டு இருக்கா, நான் எப்படிடா அதைக் கெடுக்கிறது'ன்னு கேட்டான்.

— பாவி. ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டு... பாவி மனுஷன்.

— உக்காரு. இந்தா, கொஞ்சம் குடி.

— வேணாம். பின்னால போறதுக்கு நடுவுல சந்து விட்டு வச்சிருக்கியே, அது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. நான் ஓட்டுறேன், நீ பின்னால போய் நின்னு கை காட்டு.

— இப்பவே வேணாம், யெர்ட். நான் அப்புறமா...

— காட்டுன்னா காட்டு!

— சரி, சரி. வா. மெதுவா. தூணு, தூணு! இடது பக்கம் ஒடி. இன்னும் ஒரு முழம். போதும்.

— போனைக் குடு.

— என்ன சொல்லப் போற அவன்கிட்ட?

— குடு, ஹில்டிங். வீட்டு நம்பரை நானே போடுறேன்.

— அலோ, ஹில்டிங்காடா? அவ போயிட்டாளா?

— நான்தான், ஊவே.

— ஓ... நீயா. வண்டி பத்திரமா வந்துச்சா? வாசலோரமாத்தானே விட்டிருக்கான்?

— இல்ல. சுவரோரமா நிக்குது. நானேதான் ஓட்டி விட்டேன்.

— அப்போ ஹில்டிங் எல்லாத்தையும் சொல்லிட்டானா?

— சொல்லிட்டான், ஊவே.

— யெர்ட்... எனக்கு ரொம்ப பயமா இருக்கு. சீக்கிரம் வீட்டுக்கு வா.