போஸ்டர்ல எவனாவது உட்கார்ந்திருக்கானா?

சிவப்பு வேணாம்னு சொன்னேனேம்மா! மறுபடியும் சிவப்பையே இழுத்துட்டு வர்றீங்க. நீலம் காட்டுங்க, பச்சை காட்டுங்க, மண்ணு கலர்ல ஏதாவது கிடந்தாக்கூடக் காட்டுங்க. சிவப்பைப் பாத்தாலே எனக்கு இப்பல்லாம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது... ஸ்டூல்தாம்மா, ஆமா. கவுண்டருக்குப் பின்னாடி போட்டு உட்கார்றதுக்கு. வீட்டுக்கு இல்ல, கடைக்கு. காபிக்கடை... "அந்த முஷ்டிக் கடையா"ன்னு கேக்கப் போறீங்க. கேட்டுட்டீங்க, கண்ணுலயே தெரியுது. அதேதாம்மா. உங்க போன்லயும் வந்திருக்கும். எல்லாரும் கையைத் தூக்கிட்டு விறைப்பா நிக்கிறாங்களே, பின்னாடி ஒருத்தன் திருதிருன்னு முழிக்கிறானே... அந்த முழிக்கிறவன் நான்தான்.

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சாச்சு.

முன்னாடி அது சாதாரணக் கடைம்மா. க்ரீம் கலர் சுவரு, மூலையில ஒரு மீன் தொட்டி. காலையில நாலு பெரியவங்க வருவாங்க, ஒரு காபியை வச்சுக்கிட்டு மதியம் வரைக்கும் பேப்பர் படிப்பாங்க. அதுல ஒருத்தர் சுடுதண்ணி கேட்டு வாங்கி, காபியில ஊத்திப் பெருக்கிக்குவாரு! அந்த மாதிரி யாவாரம். எதிர்ல ஒருத்தன் கண்ணாடியும் லைட்டுமா ஒரு கடையைத் தொறந்தான் பாருங்க, இளசுங்கல்லாம் ரோட்டைத் தாண்டி அங்க போயிடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. எரியுமா எரியாதா?

அப்பத்தான் இந்தக் குடுமி வந்து சேர்ந்தான். டிசைனர். பேரு என்னமோ இருக்கு, நான் குடுமின்னுதான் சொல்றது. உச்சியில இத்தனூண்டு முடிச்சு. ஒரு காபி குடிச்சான், சுவத்தைப் பாத்தான், பெருமூச்சு விட்டான். "சார், ஜனங்க காபி குடிக்க வர்றதில்ல. ஒரு கருத்தைக் குடிக்க வர்றாங்க"ன்னான். என்ன கருத்துப்பான்னேன். "புரட்சி"ன்னான். ஐயோ, அதெல்லாம் எனக்கு ஒத்துக்காது, எனக்கு பி.பி. இருக்குன்னேன். "நீங்க பண்ண வேணாம் சார், சுவத்துல மாட்டினாப் போதும்"னான்.

மாட்டினோம். அட, அழகாத்தாம்மா இருந்துச்சு, அதைச் சொல்லணும்ல. சுவரு முழுக்க ரத்தச் சிவப்பு. கறுப்புல பெரிய பெரிய கை, பல்சக்கரம், புகைக்கூண்டு. வாசல்ல அரிவாள் சுத்தியல். கல்லாவுக்கு மேல தாடி வச்ச ஒருத்தர் படம். யாருப்பா இவருன்னு கேட்டா, "தாடி இருந்தாப் போதும் சார், மீதியை ஜனங்களே நெனச்சுக்குவாங்க"ன்னான். காலேஜ் பசங்கல்லாம் அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு உருக்கமா போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஒரு பொண்ணு கண் கலங்கிட்டா! கடைசியில பாத்தா, அது குடுமியோட மாமனார். மளிகைக்கடை வச்சிருந்தவராம், கடன் கேட்டு வந்தா வாசல்லயே விரட்டிடுவாராம். கொஞ்சம் சிவப்பு தடவி, பார்வையை மட்டும் தூரமாத் திருப்பி விட்டிருக்கான்.

காபி நுரையில சாக்லேட் தூளை அச்சு வச்சுத் தூவி அரிவாள் சுத்தியல் போடணும்னான். சுத்தியல் நல்லா விழுந்துச்சு. அரிவாள் வளைஞ்சு கொழுத்துப் போயி... ஒரு குழந்தை கேட்டுச்சு, "அம்மா, எதுக்கு வாழைப்பழத்தை சுத்தியலால அடிக்கிறாங்க?"ன்னு. பாட்டாளி காபி, எழுச்சி டீன்னு பேரெல்லாம் மாத்தினோம். பொதுவுடைமைக் கேக்குன்னு ஒண்ணு. பங்கு போட்டுச் சாப்பிட ரெண்டாவது ஸ்பூன் கேட்டா அதுக்குத் தனி சார்ஜ்.

முறைக்காதீங்கம்மா, யாவாரம்னா அப்படித்தான்.

வேலை செய்யறவங்களுக்கு சிவப்புத் தொப்பி, காக்கிச் சட்டை. யாராவது கதவைத் தொறந்தா எல்லாரும் முஷ்டியைத் தூக்கி, "வாங்க தோழர்!"னு ஒரே குரல்ல சொல்லணும். நானே நின்னு பழக்கினேன். சுருட்டைன்னு ஒரு பொண்ணு, காபி போடறவ, தலை பூரா ஸ்ப்ரிங் மாதிரி முடி. அவதான் கையை அரைகுறையாத் தூக்குவா. "காதுக்கு மேல போகணும்மா! கோவம் தெரியணும்! குரல் வயித்துலேர்ந்து வரணும்!" அப்படின்னு நான்தான் கத்திக் கத்தி... என் புத்தியை எதால அடிக்கிறது.

என் வீட்டுக்காரியும் கடையிலதான். கல்லா அவ பொறுப்பு. "என்னங்க இது கூத்து?"ன்னா. தீம்னேன். அவளுக்கும் ஒரு தொப்பியைக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கிட்டா. அவ எதையும் சொல்ல மாட்டா... அதான் பிரச்சினையே.

அந்த வட்டமா இருக்கே, அது ஆடுமா? ஆட்டிப் பாருங்க. ம்... சரி வேணாம்.

கூட்டம் வந்துச்சும்மா! எதிர்க்கடைக்காரன் ஈ ஓட்டினான். நான் ரெண்டாவது கடை போடலாமான்னு யோசிக்கிறேன், அப்ப இந்தச் சுருட்டை வந்து, "சார், கவுண்டருக்குப் பின்னாடி உட்கார ஏதாவது போடுங்க, கூட்டம் இல்லாதப்பக் கொஞ்சம் உட்கார்ந்துக்கறோம், கால் விட்டுப் போகுது"ன்னா. பாக்கலாம்மான்னேன். முதலாளி பாக்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததா? மறுபடி கேட்டா. மறுபடியும் பாக்கலாம்னேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நாள் முழுக்க எதிர்ச் சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னா ஒரு மனுஷி என்ன பண்ணுவா? சுவத்துல இருக்கறதைப் படிப்பா! அதுல குடுமி ஒண்ணு எழுதி வச்சிருந்தான்: "ஒருத்தர் கேட்டா மனு, எல்லாரும் கேட்டா உரிமை!" எழுத்து நல்லா உருண்டையா இருக்கேன்னு, அதைப் பெருசாப் போடச் சொன்னதே நான்தான்! படிச்சாங்க. படிச்சுப் படிச்சு மனசுல ஏத்திக்கிட்டாங்க.

ஒரு நாள் காலையில ஒரு கஸ்டமர் கதவைத் தொறக்கறாரு. எல்லாரும் கையைத் தூக்கி "வாங்க தோழர்"னாங்க. தூக்கின கையை எறக்கல. நான் கண்ணைக் காட்டறேன், எறக்கல. பக்கத்துல போயி, எறக்குங்கடான்னு பல்லைக் கடிக்கறேன். சுருட்டை நேராப் பாத்துக்கிட்டு, "காதுக்கு மேல போயிருக்கா சார்? கோவம் தெரியுதா?"ன்னா. மெஷின் சூடாக் கிடக்குது, காபி போட ஆள் இல்ல. கோஷம் மட்டும் வயித்துலேர்ந்து வருது: "நின்னு நின்னு தேய்ஞ்சது கால்! உட்கார வேணும் ஒரு ஸ்டூல்!"

கஸ்டமர்லாம் என்ன பண்ணினாங்க தெரியுமா? கை தட்டினாங்க. நிகழ்ச்சின்னு நெனச்சுட்டாங்க! எல்லாரும் போனைத் தூக்கிட்டாங்க. "அண்ணே, தினமும் உண்டா?"ன்னு ஒருத்தன் கேக்கறான்.

இந்த எடத்துல புத்தி இருக்கறவன் ரெண்டு ஸ்டூலை வாங்கிப் போட்டிருப்பான். நான் வாசல்ல ஒரு பலகை வச்சேன்: "தினமும் நேரடிப் போராட்டம், அனுமதி இலவசம்." கூட்டம்னா கூட்டம், ரோடு வரைக்கும்! ஆனா ஒருத்தனும் காபி குடிக்கல. குடிக்கணும்னாலும் போட ஆளில்லையே! வர்றான், படம் பிடிக்கறான், முஷ்டியைக் காட்டறான், எதிர்க்கடைக்குப் போய் காபி குடிக்கறான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம்... தண்ணி இருக்காம்மா? நன்றி.

சாயங்காலம், கடை நெறைய ஜனம். என் வீட்டுக்காரி கல்லாவுக்குப் பின்னாடிலேர்ந்து மெதுவா வெளியில வந்தா. அவ கையைத் தூக்கல. கோஷமும் போடல. சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்து, வர்றவங்க போறவங்க செருப்பு மிதிக்கிற தரையில அப்படியே உட்கார்ந்துட்டா. எல்லாரும் கை தட்டறாங்க. "அந்த அம்மா நடிப்பு பிரமாதம்"னு பின்னாடி ஒரு குரல். நான் விழுந்தடிச்சு ஓடி, குனிஞ்சு பாக்கறேன்... காலு ரெண்டும் வீங்கிப் போயி, செருப்பு வாரு பதிஞ்ச எடம் வாய்க்கால் வெட்டின மாதிரி இருக்கு. எத்தனை நாளா இப்படின்னு தெரியாது. நான் பாக்கலம்மா. ஒரே வீட்டுலதான் இருக்கோம், நான் பாக்கல. கையைக் கொடுத்தேன். தட்டி விட்டுட்டு, "தள்ளி நில்லுங்க தோழர், போட்டோவுல மறைக்கிறீங்க"ன்னா.

தோழராம்! கல்யாணம் ஆனதுலேர்ந்து "என்னங்க"ன்னு கூப்பிட்டவ. இப்ப வீட்டுலயும் அதான். "தோழர், கேஸ் தீர்ந்துடுச்சு." "தோழர், லைட்டை அணைச்சுட்டுப் படுங்க." கோவமாச் சொன்னாப் பரவால்லம்மா. ரொம்ப மரியாதையாச் சொல்றா.

என்ன கேட்டீங்க? முன்னாடி எதுல உட்கார்ந்தாங்கன்னா... அது... இது தேக்கா? தேக்கு மாதிரி தெரியலையே... முன்னாடி ஸ்டூல் இருந்துச்சும்மா. எல்லாருக்கும் இருந்துச்சு. குடுமிதான் எடுக்கச் சொன்னான்... ச்சே, பொய் எதுக்கு, அவன் பாவம், மாமனார் படத்தை மாட்டினதோட நிறுத்திக்கிட்டான். நான்தான் எடுத்தேன். "போஸ்டர்ல எவனாவது உட்கார்ந்திருக்கானா? எல்லாரும் நெஞ்சை நிமித்தி நிக்கிறாங்கல்ல, நீங்களும் நில்லுங்க"ன்னு பழைய சாமான்காரனை வரச் சொல்லித் தூக்கிப் போடச் சொன்னேன். அவளோடதை மட்டும் போடல. பிளாஸ்டர் மாவுல செஞ்ச ஆளுயர முஷ்டி பொம்மை ஒண்ணு வாங்கியிருந்தேன், அதை வைக்க எதாவது வேணும்ல... அவ ஸ்டூல்ல வச்சேன். முஷ்டி உட்கார்ந்துச்சு, அவ நின்னா.

சரி விடுங்க. இந்த நீலத்துல எத்தனை இருக்கோ எல்லாத்தையும் கட்டுங்க. அவளுக்கு மட்டும் முதுகு சாயற மாதிரி, அதோ அது. நீங்களும் அவ உசரந்தான் இருப்பீங்க, கொஞ்சம் உட்கார்ந்து காட்டுங்களேன்... ஏன், உட்காருங்கம்மா. ஏன் அந்தக் கண்ணாடி ரூமையே பாக்கறீங்க? ...உட்காரக் கூடாதா? யாரு சொன்னது? கடை பூரா நாற்காலி, சோபா, ஊஞ்சல்! இதுல வேலை செய்யறவங்க உட்காரக் கூடாதா? அப்ப காலையிலேர்ந்து நின்னுட்டேவா இருக்கீங்க? சாப்பாடு? ...கிடங்குல அட்டைப்பெட்டி மேலயா? அட, அநியாயமா இருக்கே! கேக்க வேண்டியதுதானே? உங்க முதலாளி பாக்கலாம்னு சொன்னாரா... அது சொல்லுவாங்க, நானே சொன்னவன்தான். தனியாக் கேக்காதீங்கம்மா! அதோ கட்டில் பக்கம் நிக்கிறாங்களே, பீரோகிட்ட ஒருத்தர் நிக்கிறாரே, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஒண்ணாப் போயி... உட்காருங்க சொல்றேன்! நான் கஸ்டமர், நான் சொல்றேன். என்ன ஆயிடும்?

ஆங்... அப்படி. நல்லா சாஞ்சு... கண்ணை மூடிக்கிட்டீங்களே. அவ்வளவு வலியா?

யாரு, கண்ணாடி ரூம்லேர்ந்து வர்றாரே, அவருதானா? வணக்கம் சார். நான் சும்மா ஸ்டூல் பாக்க வந்தேன். இல்ல சார், நான் ஒண்ணும் தூண்டி விடல. நானும் உங்களை மாதிரி முதலாளிதான் சார், கடை வச்சிருக்கேன்... எந்தக் கடைன்னா... அது எதுக்கு சார் இப்ப. ஏம்மா, எந்திரிங்கம்மா, சார் நிக்கிறாரு... எந்திரிக்க மாட்டேங்கறாங்களே. ஐயையோ, கட்டில் பக்கம் நின்ன அம்மா கட்டில்லயே உட்கார்ந்துட்டாங்க. ஏங்க, பீரோக்காரரே, நீங்களாவது... சோபாவுலயா! சார், சார், அவங்களைப் பாத்துக் கத்தாதீங்க, அனுபவப்பட்டவன் சொல்றேன், கத்தினா இன்னும் ஜாஸ்தி ஆகும். முகமெல்லாம் வேர்த்துப் போச்சே சார் உங்களுக்கு. நீங்களும் கொஞ்சம் உட்காருங்களேன்.