நிலக்கடலை பிஸ்கட் டின்

மாசாய்த் தொழிற்சாலைகளில் வேலை கேட்டேன், கிடைக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் குலாயில் பேருந்து ஏறி வடக்கே போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர், செடெனாக்கில் மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள். இளையவள் மடியில் மகள் தூங்கினாள். மூத்தவள் மடியில் நிலக்கடலை பிஸ்கட் டின்; இந்தப் பக்கத்துப் பேச்சில் நிலக்கடலை கச்சாங்.

"என் மவனுக்கும் ஒரு அலர்ஜி வந்தா தேவல லா," என்றாள் மூத்தவள்.

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? வருஷா வருஷம் என் கச்சாங் பிஸ்கட்டுக்குத்தான் அடிச்சுக்குவாங்க. இப்ப அத்தை, கச்சாங் வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னுட்டாங்க. உன் மகளுக்குப் புதுச் சட்டி, புது எண்ணெய், தனி முறுக்கு. என் மவன யாரு கேட்டா?"

"போன தீபாவளிக்குக் கச்சாங் தின்னுட்டு இவ மூச்சு விட முடியாமக் கெடந்தத நீங்களும் பாத்தீங்கதானே?"

"அலமாக், எனக்குத் தெரியாதா! அதான் இறுக்கி மூடியிருக்கேன். அலமாரி மேல வச்சிருவேன்."

"எனக்கும் உங்க மேல பொறாமைதான்க்கா. உங்க மவன் எந்த டின்ன வேணாலும் தொறந்து கைய விடுறான். இவ ஒரு முறுக்க எடுக்க என் முகத்தப் பாக்குறா."

செடெனாக் வந்தது. இறங்கும்போது மூத்தவள் டின்னை ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"அண்ணே, கச்சாங் பிஸ்கட். வீட்டுல பிள்ளைங்களுக்கு ஆகுமான்னு கேட்டுட்டுக் குடுங்க."

கீழே இறங்கி, தண்ணீர் புட்டியைத் திறந்து இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவினாள். அதன் பிறகே தூங்கும் பிள்ளையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள்.