பளபளப்புப் பக்கம்

— அண்ணா, நீ செஞ்ச கல்லு சத்தம் போடுமா?

— இன்னா? இரு கலை, மிஷின் ஓடிக்கினு இருக்குது, ஒண்ணும் கேக்கல. ம், நிறுத்திட்டேன். சொல்லு, கல்லுக்கு இன்னா?

— சத்தம் போடுமான்னு கேட்டேன். வெயில்ல தகரம் டிக்குனு அடிக்குமே, அந்த மாதிரி.

— கல்லு எதுக்கும்மா சத்தம் போடும்? எந்தக் கல்லு?

— புதுவூட்டுக்குச் சீரா அனுப்புனியே மூணு கல்லு, வாசல்ல தண்ணித்தொட்டி மேல மூடியிருக்கறது. அதுல நடுவுல இருக்கறதுதான் அடிச்சிது. ரெண்டு தரம்.

— எப்ப?

— இப்பதான்.

— நீ எங்க நிக்கற?

— அது மேலதான்.

— கலையரசி, ஆடாத. எப்பிடி நிக்கறியோ அப்பிடியே நில்லு. கையில இன்னா வெச்சிருக்க?

— ஒரு கையில போனு. இடுப்புல குடம்.

— வெறுங்குடமா?

— வெறுங்குடத்தோட நின்னா இன்னா பெருமை? தளும்பத் தளும்ப மொண்டு வெச்சிருக்கேன்.

— எதுக்கு ஏறுன நீ?

— எல்லாம் எங்க அத்தைதான். காலையில பந்தல் போட வந்தவங்ககிட்ட, "எங்க சம்பந்தி வூட்டுல அப்பளம் அனுப்பியிருக்காங்க, எண்ணெய் காயவெச்சா பொரிச்சித் தின்னலாம்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் சொல்றான், கடப்பாக் கல்லுன்னா நாலாளு தூக்கணுமாம், இது கோழி சீச்சா நவுந்துடுமாம். கல்லு வாங்க வக்கில்லாம உங்கண்ணன் கல்லுமாவ பெசஞ்சி அனுப்பிட்டானான்றான். எனுக்குத் தாங்கல. குடத்தோட ஏறி நின்னு காட்டறேன்னு ஏறிட்டேன்.

— காட்டிட்டல்ல, எறங்க வேண்டியதுதான?

— அவங்க டீ குடிக்கப் போயிட்டாங்க. "நின்னது போதும், எறங்குடி"ன்னு அத்தை சொன்னாங்க. அவங்க சொல்லி நான் எறங்கறதா? உள்ள போயிட்டாங்க. நான் நின்னுக்கினு இருக்கேன்.

— நல்ல வீம்பு. சரி, நிதானமா கேளு. குனியாத, கண்ண மட்டும் கீழ எறக்கு. காலுக்குக் கீழ கல்லு எப்பிடி இருக்குது? சொரசொரன்னா, பளபளன்னா?

— பளபளன்னுதான். என் மூஞ்சியே தெரியுது.

— பளபளப்பு மேலயா இருக்குது?

— ஆமாண்ணா. ஏன்?

— கல்ல தலைகீழா போட்டிருக்காங்க.

— கல்லுக்கு ஏது தலை?

— இதுக்கு இருக்குது. அச்சுல மொதல்ல சன்னமா ஒரு பூச்சு ஊத்துவோம், பளபளப்பு அதுலதான் வரும். அதுக்கு மேல நார் வலைய விரிச்சி, அப்பறமா சிமிட்டியும் கல்லுமாவும் கலந்து ஊத்துவோம். அப்ப வலை எங்க இருக்கும்? பளபளப்ப ஒட்டி. பாரம் ஏறுனா கல்லு அடிப்பக்கமாத்தான் பிளக்கப் பாக்கும். அடியில வலை இருந்தா இழுத்துப் புடிச்சிக்கும். அதனாலதான் வெரல் மொத்தத்துக் கல்லு மேல ஆளு நிக்கலாம். இப்ப உனுக்கு வலை மேல இருக்குது. அடியில ஒண்ணுமில்ல.

— அப்ப அந்தச் சத்தம்?

— அடி பிளந்துடிச்சி. வலை மட்டும்தான் ரெண்டு துண்டையும் சேத்துப் புடிச்சிக்கினு இருக்குது.

— எவ்ளோ நேரம் புடிக்கும்?

— தொட்டியில தண்ணி எவ்ளோ?

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— தெரியல கலை. தண்ணி எவ்ளோ?

— போன வாரம் மழை. ரெண்டாள் ஆழம், நெறைஞ்சிருக்குது. எனுக்கு நீச்சல் தெரியாதுன்னு உனுக்குத் தெரியும்.

— தெரியும்.

— ஒரே தாவா கரைக்குத் தாவிடறேன்.

— தாவாத. தாவணும்னா ஒரு கால ஊணி எக்கணும், மொத்த எடையும் அந்த ஒத்தக் கால்ல எறங்கும். மொதல்ல குடத்துத் தண்ணியக் கொட்டு. கீழ எறக்கி வெச்சிடாத. இடுப்புலேர்ந்தே பைய சாச்சி ஊத்து.

— ஊத்தறேன். கால் வழுக்குது.

— வெரல அழுத்திக்க. ஊத்து.

— மறுபடி அடிச்சிது.

— ஊத்திட்டியா?

— ஊத்திட்டேன். கல்லுக்கு நடுவுல முடி மாதிரி ஒரு கோடு வந்துடிச்சி. தண்ணி அதுக்குள்ள எறங்குது.

— மச்சான் எங்க?

— பூவும் வாழை இலையும் வாங்க கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்காரு. சாயந்தரம்தான் வருவாரு.

— சின்னசேலத்துலேர்ந்து நான் மலையேறி வர வரைக்கும் அது புடிக்காது. அத்தைய கூப்புடு.

— மாட்டேன்.

— கலை.

— மாட்டேண்ணா. உனுக்குத் தெரியாது. நீ மச்சான்கிட்ட சொன்ன மாதிரி பளபளப்பு கீழதான் இருந்திச்சி, மேஸ்திரி சரியாத்தான் போட்டாரு. விடியக்காலையில ஓடையில துணி அலசிட்டு வரேன், இவங்க ஒத்தையா குந்திக்கினு கல்ல பொரட்டிக்கினு இருக்காங்க. மூணையும். என்னைப் பாத்ததும் முந்தானைய ஒதறி சொருகிக்கினு உள்ள போயிட்டாங்க. பொரட்டினா இன்னா ஆவும்னு எனுக்கு அப்ப தெரியல. இப்ப நீ சொன்னப்பறம்தான் தெரியுது.

— கடப்பாக் கல்லா இருந்தா அவங்களால அசைச்சிருக்க முடியாது. லேசா செஞ்சது என் தப்பு.

— உன் தப்பு இன்னா? நாளைக்கிப் பால் காய்ச்சறோம். ஊரு கூடி நிக்கறப்ப கல்லு ஒடையணும், அவங்க அப்பளம்னு சொன்னது மெய்யாவணும். அதுக்குத்தான் பண்ணியிருக்காங்க. அவங்ககிட்ட போயி என்னைக் காப்பாத்துங்கன்னு கேக்கச் சொல்றியா?

— நான் சொல்றதக் கேளு. எத்தினி ஞாயித்துக்கெழம இந்தப் பட்டறையில தனியா நின்னு அந்தக் கல்ல ஊத்தியிருக்கேன். நீ அந்தத் தொட்டியில தண்ணி மொண்டு குடிக்கணும்னுதான் ஊத்தினேன். என் மானத்த நீ காப்பாத்த வேணா. நீ இருந்தா போதும் எனுக்கு. ஸ்பீக்கர்ல போடு. நீ கூப்புடலன்னா நான் கத்தறேன்.

— அத்தே.

— கேக்காது. சத்தமா.

— அத்தே, கொஞ்சம் வெளிய வாங்க.

— இன்னாடி, இன்னும் எறங்கலியா நீ? வாசலெல்லாம் தண்ணி. அப்பளம் நமுத்துப் போச்சா?

— அம்மா, நான் வீரமுத்து பேசறேன். கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க.

— என் வூட்டு வாசல்ல என்னையே நில்லுன்றியா தம்பி?

— கல்லு பிளந்துடிச்சிங்க. இவ நடுவுல நிக்கறா. காலெடுத்தா உள்ள போயிடுவா. பந்தலுக்கு ஏணி கொண்டாந்திருப்பாங்களே?

— இருக்குது. மூங்கில் ஏணி.

— அதத் தொட்டிக்குக் குறுக்கால போடணும், அவ காலுக்குப் பக்கத்துல. கல்லு மேல படக்கூடாது. ரெண்டு முனைக்குக் கீழயும் செங்கல் வெச்சித் தூக்கிக்குங்க.

— எடுத்தாறேன். அடியே, ஆடாத. மூச்சு கூட பைய வுடு.

— அண்ணா, கோடு அகலமாவுது.

— அதப் பாக்காத. அவங்களப் பாரு. இன்னா பண்றாங்க?

— ஒத்தையா இழுத்துக்கினு வராங்க. பந்தக்காலுல மோதிக்கினாங்க. கால்ல ரத்தம் ஊத்துது அத்தே.

— ஊத்தட்டும். தம்பி, செங்கல் வெச்சிட்டேன். ஏணி குறுக்கால வந்துடிச்சி.

— முனையில உக்காந்து அழுத்திக்குங்க. கலை, போன ஜாக்கெட்டுல சொருகு. குடத்த வுட்டுடாத, கையிலேயே இருக்கட்டும், உள்ள போனாலும் வெறுங்குடம் மெதக்கும். அப்பிடியே குந்து. பைய. பாரத்த ஏணி மேல ஏத்து. மொதல்ல கை, அப்பறமா நெஞ்சு. படுத்துக்க அது மேல.

— முடியலண்ணா. ஒரு காலு இன்னும் கல்லு மேலதான் இருக்குது.

— அண்ணன அப்பறமா கூப்புடு, இப்ப என்னைப் பாரு. என் கையப் புடி. ம், புடிச்சிட்டேன். இன்னொரு காலு. இந்தண்ட வா. வந்துடுடி எஞ்சாமி, வந்துடு.

— கலை? அது இன்னா சத்தம்? கலை?

— கல்லு தம்பி. கல்லு உள்ள போயிடிச்சி. குடமும் கூடவே போயிடிச்சி.

— கலை எங்க?

— எங்க போவா? என் மடியிலதான் கிடக்கறா. நீ அழுவாத. ஆம்பளப் புள்ள பட்டறையில நின்னுக்கினு அழுதா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?

— அத்தே.

— பேசாத. மூச்சு வாங்கு.

— விடியக்காலையில கல்லப் பொரட்டிப் போட்டது நீங்கதான? நான் பாத்தேன்.

— ஆமா. நாந்தான் போட்டேன்.

— எதுக்கு?

— பின்ன இன்னாடி, அந்த மேஸ்திரி கூறு கெட்டவன், பளபளப்பத் தொட்டிக்குள்ள வெச்சி மூடிட்டுப் போயிட்டான். அப்பளம்னது சும்மா வெளையாட்டுக்கு. நாளைக்கி எங்க சனம் மொத்தமும் வருது. உங்கண்ணன் கையால செஞ்சி அனுப்பின சீரு, அதத் தொட்டிக்குள்ள இருக்கற தவளையா பாக்கணும்? நாலு பேரு கண்ணுல படட்டும்னு திருப்பி வெச்சி, முந்தானையால தொடச்சும் வெச்சேன்.