ஓரின் கெல்சோ வாங்கிய இரும்பு உருண்டைகள் குறித்து மார்லிஸ் ட்ரெக்ஸ்லர் கூறியது

என் பெயர் மார்லிஸ் ட்ரெக்ஸ்லர். வயது 59. கணவர் இறந்துவிட்டார். பென்சில்வேனியா மாநிலம் கெல்லர்ஸ் ஃபோர்டு ஊரில் ஆலைத் தெருவில் சொந்த வீட்டில் வசித்து வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இறந்துபோன ஓரின் கெல்சோவையும் அவர் மனைவி ஐடெல்லாவையும் பல வருடங்களாகத் தெரியும். லீலண்ட் ஹாஸ் என் உடன்பிறந்த தம்பி.

ஓரினும் நானும் ஜனாதிபதி லிங்கன் காலத்துப் பொருட்களைச் சேகரிப்பவர்கள். லிங்கன் இறந்தபோது ஜனங்கள் சட்டையில் குத்திக்கொண்ட கறுப்புத் துக்க ரிப்பன்களை மட்டும் நான் சேர்க்கிறேன். ஓரின் சேர்த்தது தேர்தல் பொருட்கள். பட்டு ரிப்பன், லிங்கனின் தாடி வைக்காத முகம் பதித்த தகரப் பேட்ஜ், ஊர்வலத்தில் தூக்கிப்போன பந்தம், காகித விளக்கு இவைதான். துப்பாக்கி, வாள், தோட்டா எதையும் அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. அதெல்லாம் என் தம்பியின் வேலை. லீலண்ட் கோடையில் தெற்கே போய், லிங்கன் காலத்து உள்நாட்டுப் போர் நடந்த இடங்களில் தனியார் நிலங்களில் அனுமதி வாங்கி, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை வைத்துத் தோண்டி எடுத்துக்கொண்டு வருவான்.

கடந்த சனிக்கிழமை காலை ஓரின் வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் ஊர் நூலகத்தில் அவருடைய பொருட்களைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தது. அதற்கு ரிப்பன்களைச் சட்டத்தில் பொருத்த உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது அவருடைய கார் ஷெட்டில் மேஜை நிறைய ரிப்பன்கள் பரப்பியிருந்தன. ஐடெல்லா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்ல எனக்கு ஒரு ஓட்டு விழுந்ததில்ல மார்லிஸ். மொத்த ஓட்டும் அந்த லிங்கனுக்குத்தான்" என்றாள். ஓரின் நிமிராமலே, "நீ தேர்தல்ல நிக்கவே இல்லையே, நேரா ஆட்சியப் புடிச்சுட்டே" என்றார். அவள் துண்டால் அவர் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு லீலண்ட் தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். சாக்கில் சுற்றிய இரண்டு பீரங்கிக் குண்டுகளை மேஜையில் வைத்தான். இரும்பு உருண்டைகள், ஒவ்வொன்றும் முலாம்பழம் அளவு இருக்கும், துரு ஏறிக் கிடந்தன. ஓரின்தான் அவற்றைக் கேட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆச்சரியமாக இருந்தது, கேட்டேன். அவர் ரிப்பன்களைக் காட்டி, "இதையெல்லாம் சேத்துப் பாத்தா திருவிழா மாதிரி இருக்கு மார்லிஸ். அந்த மனுஷன் ஆண்ட காலம் பூரா சாவுதான். காட்சிப் பெட்டி கீழ் தட்டுல ஒண்ணாவது கனமா இருக்கணும்" என்றார். பதிலுக்கு அவர் லீலண்டுக்குக் கொடுத்தது தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்ற ஜெனரலின் ரிப்பன், தன்னிடம் இரண்டு இருந்ததில் ஒன்று.

அதன் பிறகு ஓரின் ஒரு குண்டைத் திருப்பிப் பார்த்து, "துரு ஒழுங்கா உதிர மாட்டேங்குதே, மெஷின் வெச்சுத் தேய்க்கலாமா?" என்று கேட்டார். அதற்கு லீலண்ட், "தாராளமா தேய்ங்க ஓரின். ரெண்டையும் நானே துளை போட்டு, உள்ள இருந்த வெடிமருந்த தண்ணி விட்டுக் கழுவிக் காலி பண்ணிட்டேன். வேணும்னா உள்ள உருளைக்கிழங்கு வேக வெக்கலாம்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் மேஜையின் மறுபக்கத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

பிறகு லீலண்ட், ஐடெல்லா பீட்ரூட் சாற்றில் ஊறவைத்திருந்த முட்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டான். ஓரின் இன்னொரு குண்டை எனக்கே தந்தார். "உன் கறுப்பு ரிப்பனுக்கெல்லாம் இதுதான் பொருத்தம், வெச்சுக்க" என்றார். நான் அதைத் தெருவில் நின்ற என் காருக்குத் தூக்கிப் போனேன். உருண்டுவிடக் கூடாதென்று பின்னால் என் மகள் வயிற்றுப் பேத்திக்காகப் பொருத்திய குழந்தை இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டேன்.

அதன் பிறகு ஐடெல்லா கூப்பிட்டதால் சமையலறைக்குப் போனேன். கோழியும் சோளமும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டியை நான் வெட்டினேன். ஷெட்டில் ஓரின் மெஷினில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஐடெல்லா, "பல் டாக்டர் வீட்ல குடியிருக்கற மாதிரி இருக்கு" என்றாள். வெடித்த சத்தம் எனக்கு நினைவில்லை. மெஷின் சத்தம் நின்றது நினைவிருக்கிறது. சூப் பாத்திரத்துக்குள் ஜன்னல் கண்ணாடி கிடந்ததும், நான் தரையில் உட்கார்ந்திருந்ததும், கையில் ரொட்டி அப்படியே இருந்ததும் நினைவிருக்கிறது.

பின்கதவு வழியாக வெளியே ஓடினோம். ஷெட்டின் முன்பக்கம் இல்லை. ஓரின் கார் நிறுத்தும் பாதையில் கிடந்தார். மூக்குக் கண்ணாடி முகத்தில் சரியாக இருந்தது. மற்றதை ஏற்கெனவே டாக்டர் எழுதியிருப்பார் என்பதால் நான் சொல்லவில்லை. அவர் தோளைத் தொட்டேன், கூப்பிட்டேன். உயிர் இல்லை. மேப்பிள் மரத்தின் கிளைகளில் ரிப்பன்கள் தொங்கின. சிவப்பு, வெள்ளை, நீலம். காற்றுக்கு ஆடின. எனக்கு அப்போது அழுகை வரவில்லை. ஏணி எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

ஐடெல்லா கையில் கரண்டியோடு நின்றாள். அவரைப் பார்த்தபடியே, "அடுப்ப அணைச்சேனா மார்லிஸ்? அடுப்ப அணைச்சேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆம்புலன்ஸில் ஏறும்போதும் கரண்டியைக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு போலீசாரும் வெடிகுண்டு நிபுணர்களும் வந்து தெருவைக் காலி செய்தார்கள். ஒரு பெண் நிபுணர் என்னிடம், இதே போல வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். எங்கே என்றார். "என் பேத்தி சீட்ல" என்றேன். அவர், "குழந்தை எங்க?" என்று கத்தினார். குழந்தை அவள் தாயோடு வேறு ஊரில் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டாரா இல்லை என்று எடுத்துக்கொண்டாரா தெரியாது, காரை நோக்கி ஓடினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் காரை ரயில் பாதையைத் தாண்டி, குலுங்கக் குலுங்க வீட்டுக்கு ஓட்டிப்போக இருந்தேன். மறுநாள் பேத்தியை அழைத்துவர இருந்தேன். பிறகு அந்தக் குண்டைக் கல் குவாரியில் வைத்து வெடிக்கச் செய்தார்கள். ஊர் முழுக்கக் கேட்டது. வெடித்த வேகத்தைப் பார்த்தால் உள்ளே வெடிமருந்து நேற்று அடைத்தது போலக் காய்ந்து இருந்திருக்க வேண்டும் என்றும், குண்டில் துளை எதுவும் போடப்பட்டிருக்கவில்லை என்றும் அந்தப் பெண் நிபுணர் என்னிடம் சொன்னார்.

அன்று மாலை ஐடெல்லாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு லீலண்ட் வந்தான். என்னைத் தனியாக அழைத்துப் போய், "மத்ததெல்லாம் காலி பண்ணியிருக்கேன் அக்கா. சத்தியமா. இந்த ரெண்டும் கடைசியா வந்தது. அவர் அவசரமா கேட்டாரு, நான் சும்மா சொல்லிட்டேன்" என்று அழுதான். அதுவரை அவன் ஏதோ தவறாகக் கழுவியிருப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் தொடவே இல்லை.

இன்று காலை, என் கார் உங்களிடம் இருப்பதால், அவன்தான் தன் வண்டியில் என்னை இங்கே அழைத்துவந்தான். வழியில், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நான் ஓரின்கிட்ட சொன்னதா சொல்லிடு அக்கா. அவர் போயிட்டாரு. அங்க இருந்தது நீ மட்டும்தான். ஒரே ஒரு வார்த்தை" என்றான். அவன் பத்து வயதுக் குழந்தை போல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். எங்கள் அம்மா போனபின் அவனை வளர்த்தது நான்.

அவன் சொன்னது விளையாட்டுப் பேச்சாக இருக்கலாமா என்று அதிகாரி கேட்டார். உருளைக்கிழங்கு விளையாட்டு. காலி செய்துவிட்டேன் என்றது விளையாட்டு அல்ல. ஓரின் அதை நம்பித்தான் மெஷினை எடுத்தார். நானும் நம்பித்தான் பெல்ட்டைப் போட்டேன்.

நான் இங்கே சொன்னதை லீலண்டிடம் நானே போய்ச் சொல்ல அனுமதி கேட்டேன். அவனை விசாரிக்கும் வரை இதைப் பற்றி அவனிடம் பேசக் கூடாது என்று அதிகாரி சொன்னார். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வண்டியில் ஏறினால் தெரு முனை வருவதற்குள் சொல்லிவிடுவேன். ஆகவே என்னைப் போலீஸ் வண்டியில் ஐடெல்லா வீட்டில் இறக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். யாரையும் காப்பாற்ற ஒரு வார்த்தை குறைக்கவில்லை, யார் மேலும் உள்ள கோபத்தில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மார்லிஸ் ட்ரெக்ஸ்லர்
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: துப்பறிவாளர் கோரா வெங்கர்